வி.ஆர். கம்ப்யூட்டர் வாங்கும் தாத்தாக்களுக்கு

கண்ணில் மாட்டிக்கொண்டு ஆடும் வி.ஆர். விளையாட்டுக்கு ரெடிமேட் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். பென்ஷன் பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்.

முதலில் எந்த ஹெட்செட் என்று கேளுங்கள். 2023இல் வந்த மெட்டா குவெஸ்ட் 3 தனியாகவே இயங்கும். அதற்கென்றே உள்ள விளையாட்டுகள் போதுமென்றால் கம்ப்யூட்டர் செலவே மிச்சம்.

கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும் விளையாட்டுதான் வேண்டுமா? கடையில் ஐ7, கலர் விளக்கு, கண்ணாடிப் பெட்டி என்று அடுக்குவார்கள். நீங்கள் கிராபிக்ஸ் கார்டைக் கேளுங்கள். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக, நொடிக்குச் சுமார் 90 படம் அதுதான் வரைய வேண்டும். தடுமாறினால் தலை சுற்றும், குமட்டும். 2016இல் ஆக்குலஸ் ரிஃப்ட் வந்தபோது நிறுவனமே சிபாரிசு செய்தது ஐ5 பிராசஸர்தான். கார்டு மட்டும் அன்றைக்கு உயர்ரகமான ஜிடிஎக்ஸ் 970.

ஆகவே என் கட்சி இதுதான்: ஐ5 போதும், ஐ7க்குக் கொடுக்கும் பணத்தைக் கார்டில் போடுங்கள். கார்டின் முழு மாடல் பெயர், எஸ்.எம்.பி.எஸ். எந்தக் கம்பெனி, எத்தனை வாட் என்பதெல்லாம் பில்லில் வரட்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.