பூ வாசம் யாருக்குச் சொந்தம்?

இப்போதெல்லாம் கடைக்குப் போனால் லாவண்டர், ரோஸ்மேரி, மல்லிகை என்று சின்னச் சின்ன பாட்டில்களில் வாசனை எண்ணெய் விற்கிறார்கள். 'மனசு லேசாகும், தூக்கம் வரும்' என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கண்ணும் காதும் தரும் சேதி மூளையில் 'தாலமஸ்' வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. வாசனையோ உணர்ச்சிக்கும் ஞாபகத்துக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகவே போய்விடுகிறது. வாசனையை நாம் எப்படி இனம் காண்கிறோம் என்று கண்டுபிடித்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசே கிடைத்தது. லாவண்டரில் இருக்கிற 'லினலூல்' என்ற மணப்பொருள் நம்ம குண்டு மல்லியிலும் இருக்கிறது!

என் கேள்வி இதுதான் தோழிகளே. மனசுக்கு இதம் தருகிற இந்த வாசனையை, ஆறுதல் அதிகம் தேவைப்படுகிற பெண்ணிடமிருந்தே பறிக்கிறோமே, நியாயமா? கணவர் போன அன்றே பூவும் போச்சு, சந்தனமும் போச்சு. மனைவியை இழந்த ஆண் சட்டையில் சென்ட் அடித்துக்கொண்டால் யாராவது தடுக்கிறார்களா?

மாமனார் காலமான பிறகு என் மாமியார் சாமிக்குப் பூ தொடுப்பார், எனக்கும் கிள்ளித் தருவார். தான் மட்டும் தொட மாட்டார். "எனக்கெதுக்கும்மா, பார்க்கிறவங்க என்ன சொல்வாங்க?" என்பார். ராத்திரியில் அவர் தலைமாட்டில் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் மல்லி வைக்க ஆரம்பித்தேன். முதலில் திட்டினார். இப்போது, "இன்னிக்கு பூக்காரம்மா வரலியா?" என்று அவரே விசாரிக்கிறார்.

வாசனையே வைத்தியம் ஆகிவிடாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையின் 14416 எண்ணில் இலவசமாகப் பேசலாம். பாட்டில் எண்ணெய் வாங்குகிறவர்கள் அதைக் குடிக்கவோ, கலக்காமல் அப்படியே தோலில் தடவவோ வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பூவும் சந்தனமும் தாலிக்குப் பிறகு வந்தவை அல்ல. தவழ்கிற வயசிலேயே அம்மா நமக்கு வைத்துவிட்டவை. அடுத்த விசேஷத்தில் பூத்தட்டு உங்கள் கையில் இருந்தால், ஓரமாய் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் அத்தைக்கும் சித்திக்கும் முதலில் நீட்டுங்கள். வாங்கிக்கொள்வதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டமாக இருக்கட்டும். நாம் அவர்களைத் தாண்டிப் போக வேண்டாமே!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.