மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பொடிகள்

இங்கிலீஷ் மருந்து கெமிக்கல், கிட்னியைக் கெடுக்கும். மூலிகைக்குப் பக்கவிளைவே கிடையாது. சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு ஓயாமல் அடிபடுகிறது. இதை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். அப்பட்டமான பொய் இது.

ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத சர்க்கரைதான் கிட்னியைத் தின்கிறது. கிட்னி பழுதானவர்களுக்கு டாக்டர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைப்பார், நிறுத்துவார். அதைப் பார்த்துவிட்டுப் பழியை மாத்திரை மேல் போடுகிறார்கள். அந்த மெட்ஃபார்மினுக்கும் பூர்வீகம் செடிதான். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற அந்தச் செடியை அதிகம் மேய்ந்தால் செம்மறியாடுகள் செத்துவிடும். அதிலுள்ள கலேஜினை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, நஞ்சு என்று கைவிட்டார்கள். அதே வகையைச் சேர்ந்த மெட்ஃபார்மினை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலனை 1957இல் பாரிஸ் மருத்துவர் ழான் ஸ்டெர்ன் வெளியிட்டார். எவ்வளவு கொடுக்கலாம், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அளந்து அறிந்தவை. பாட்டிலில் வரும் மூலிகைப் பொடிக்கு இதில் எது இருக்கிறது?

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைத் தின்பதுபோல் இருக்கும். இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலம் நாக்கின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் அடைத்துவிடுகிறது. பொடி வியாபாரிக்கு இதுவே சாட்சி. நாக்குக்கு இனிப்புத் தெரியாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடுமா? இலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு என்று சிறு ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரையோடு சேர்த்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி ஆளே மயங்கி விழலாம். வேலை செய்கிற எந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு.

மூலிகை என்று விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற இங்கிலீஷ் சர்க்கரை மருந்து கலந்திருந்து பிடிபட்டதும் உண்டு. சர்க்கரை இறங்கியது அந்தக் கெமிக்கலால்!

டைப் 1 சர்க்கரை நோயுள்ள குழந்தைகளை நினைத்தால்தான் நெஞ்சு பதறுகிறது. அவர்கள் உடலில் இன்சுலின் சுரப்பே அநேகமாக அற்றுப்போயிருக்கும். எந்த இலையும் அதற்கு ஈடாகாது. இன்சுலின் ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளில் வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு கீழ்மூச்சு. பிறகு நினைவு தப்பிவிடும். 1922இல் இன்சுலின் வருவதற்கு முன் இந்தக் குழந்தைகள் இப்படித்தான் செத்தார்கள். இன்று பெற்றவர்களிடமே ஊசியை நிறுத்தச் சொல்பவன் வைத்தியனா?

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தை வெளியிடுவதில் பங்குள்ளவர்களும் அதற்குள் அடங்குவார்கள். பொடி விற்பவர் மேல் மட்டுமல்ல, காலை நேரத்தை அவருக்கு விற்கும் தொலைக்காட்சி மேலும் வழக்குப் போடுங்கள்.