பெட்டியில் 600, தட்டில் 2,400

1600 வாட் என்று, காருக்குப் பாலிஷ் போடும் பஃபிங் மிஷின் பெட்டியின் நெற்றியில் அச்சடித்தீர்களே, அதே பெட்டிக்குள் 6 ஆம்பியர் பிளக்கைச் சொருகி வைக்கும்போது உங்கள் கை கூசவே இல்லையா? வீட்டுக்கு வரும் கரண்ட் 230 வோல்ட். அதை ஆறால் பெருக்கினால் 1380. அந்தச் சின்ன பிளக் தாங்கக்கூடியது அவ்வளவுதான். நிஜமாகவே 1600 வாட் இழுக்கிற மிஷினுக்குத் தடித்த பின் வைத்த 16 ஆம்பியர் பிளக் இருந்தாக வேண்டும். பெருக்கல் தெரிந்த பள்ளிக்கூடப் பிள்ளை பிடித்துவிடும் இந்தப் பொய்யை, 2,899 ரூபாய் வாங்கிக்கொண்டு என் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

பார்த்து வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். எதைப் பார்ப்பது? விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த படங்களில் ஒன்றில்கூட பிளக் தெரியவில்லை. சிவப்புக் கார் மேல் மிஷினைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டு நின்றார். 7 இன்ச் தட்டு, ஆறு ஸ்பீடு, 600 முதல் 3,000 ஆர்பிஎம், செம்புக் காயில், 'புரொஃபஷனல்' என்று வரிசையாக எழுதியிருந்தது. எழுதியிருந்ததை நம்பினேன். ஒரு பொருளின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் இந்த நாட்டில் ஒரு பாக்கெட் உப்பு வாங்க முடியுமா?

நான் விவரம் தெரியாதவனும் இல்லை. கோயம்புத்தூரில் வாட்டர் வாஷ் கடைகளில் கூலிக்கு நின்று வளர்ந்தவன். பஃபிங் பழகியது முதலாளியின் மக்கீட்டா மிஷினில். காம்பவுண்டை எவ்வளவு வைக்க வேண்டும், உல்லன் பேட் எங்கே, ஃபோம் பேட் எங்கே, பானெட் மடிப்பில் எப்போது டேப் ஒட்ட வேண்டும் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். சொந்தமாக ஒரு மிஷின் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் அபார்ட்மெண்ட்களுக்குப் போய் நாலு வண்டி பார்க்கலாம், பிறகு மெல்லக் கூலி வேலையை விடலாம் என்பது கணக்கு. பேர் பெற்ற கம்பெனி மிஷின் விலை என் கைக்கு எட்டாதது. எனக்குக் கட்டுபடியானது மூவாயிரத்துக்குள். அதில் அதிசயம் எதையும் நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் கனமாக இருக்கட்டும், சத்தம் போடட்டும், ரெண்டு வருஷத்தில் தேய்ந்து போகட்டும். ஆனால் 600 என்று எழுதினால் 600-ல் சுற்ற வேண்டும். அந்த ஒரு எண்ணுக்குத்தான் காசு கொடுத்தேன்.

ஏன் அந்த எண் என்று கேளுங்கள். புதுக் கார்களில் கம்பெனி அடித்து அனுப்பும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் பளபளப்பைத் தரும் மேல் அடுக்கான கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூடக் கிடையாது. பாலிஷ் என்பது அந்த அடுக்கில் ஒரு மைக்ரான், ரெண்டு மைக்ரான் சுரண்டி எடுத்துக் கீறலை மட்டமாக்குகிற வேலை. ரோட்டரி மிஷினில் தட்டு ஒரே அச்சில், ஒரே திசையில் சுற்றும். இப்போது வரும் டூயல் ஆக்ஷன் மிஷினில் தட்டு சுற்றிக்கொண்டே ஆடும். சாதாரண வகையில் அழுத்தினால் சுற்றுவதே நின்றுபோகும், அதனால் பெயிண்டைச் சுடுவது கடினம். ரோட்டரிக்கு அந்த இரக்கம் இல்லை. 7 இன்ச் தட்டு 600-ல் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் பெயிண்டைத் தேய்க்கிறது. 3,000-ல் அதே விளிம்பு 100 கிலோமீட்டரைத் தொடும். காம்பவுண்டைப் பரப்ப 600, வேலை செய்ய 1,200 முதல் 1,500, ஓரங்களில் மறுபடி இறக்கம் என்று வேகத்தைக் கையில் வைத்திருப்பவன்தான் பஃபிங்காரன்.

உங்கள் மிஷின் அந்த வேகத்தை என் கையில் தரவில்லை. ஒரு அபார்ட்மெண்டில், ஒருவருடைய வண்டியில், முதல் ஸ்பீடில் வைத்து ஸ்விட்சை அழுத்தியதும் மெதுவாகக் கிளம்பாமல் உதறிக்கொண்டு எகிறியது. பேடைப் பெயிண்டில் வைத்து லேசாக அழுத்தினால் திணறி நின்றது. சரி, மூன்றாவதுக்கு ஏற்றினேன். பானெட்டின் நடுப்பகுதியில் தட்டுத்தடுமாறி ஓடியது. அங்கிருந்து பம்பர் மூலைக்கு வந்தேன். வளைவில் பேடின் பாதி காற்றில் நின்றது, பாரம் குறைந்தது, மிஷின் வீறிட்டது. நான் கையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. இரும்புத் தகடாக இருந்தாலாவது சூட்டைக் கொஞ்சம் இழுத்துப் பரப்பும். பம்பர் பிளாஸ்டிக், சூடு விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கறுப்பு வண்டி வேறு. கிளியர் கோட் போய், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சாம்பல் பூத்தது.

"ஏந் தம்பி, இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?" என்றார் வண்டிக்காரர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அக்கம்பக்கத்தில் நாலு வீட்டில் என்னைச் சொல்லிவிட்டவரே அவர்தான். பம்பரைக் கழற்றி, பெயிண்ட் பூத்துக்குக் கொண்டுபோய், முழுசாக அடித்துக் கொண்டுவந்து மாட்டினேன். 4,500 ரூபாய். மிஷின் விலையைவிட அதிகம். அந்த அபார்ட்மெண்டில் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

எங்கள் ஊர் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதனிடம், சுற்றும் வேகத்தை அளக்கும் டாக்கோமீட்டர் இருக்கிறது. அச்சில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டி அளந்தோம். ஒன்றாம் எண்ணில், பாரம் இல்லாமல், 2,400. நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஒரே வேகம். டயலில் எண் மட்டும்தான் மாறியது. யுனிவர்சல் மோட்டாரின் குணமே அதுதான்: பாரம் இல்லையென்றால் பறக்கும், ஏற்றினால் துவளும். அதனால்தான் நல்ல மிஷின்களில் வேகத்தை ஓடும்போதே அளந்து, அழுத்தத்துக்குத் தக்கபடி கரண்டை ஏற்றி இறக்கும் சர்க்யூட் ஒன்று வைக்கிறார்கள். உங்களுடையதைப் பிறகு திறந்து பார்த்தபோது ஃபேன் ரெகுலேட்டரில் இருக்கும் சரக்குதான் உள்ளே இருந்தது. ஃபேனுக்கு அது போதும். பிறத்தியான் கார் பெயிண்டுக்குப் போதாது. 600 என்ற எண்ணை எந்த மிஷினில், எந்த மீட்டரில் அளந்து அச்சடித்தீர்கள்? வேறு யாருடைய பெட்டியிலிருந்தோ பார்த்து எழுதினீர்களா?

கஸ்டமர் கேருக்கு அழைத்தேன். அங்கே பேசிய பெண்மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் சம்பளத்துக்குப் படிக்கிறவர். படித்த பதில்தான் வயிற்றை எரித்தது. "சார், நீங்க ஓவர் பிரஷர் கொடுத்திருப்பீங்க." அழுத்தினால் நிற்கிற மிஷினில் ஓவர் பிரஷர் எப்படிக் கொடுப்பது என்று கேட்டேன். அடுத்து, "கமர்ஷியல் யூஸ்க்கு வாரண்டி கிடையாது சார்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மேலே நான்கு மொழிகளில் 'புரொஃபஷனல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே வாரண்டி கார்டில், எறும்பு அளவு எழுத்தில், வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்று இருக்கிறது. விற்கும்போது நான் தொழில்காரன், ரிப்பேர் என்று வந்தால் நான் வீட்டில் பொழுதுபோக்குக்குக் கார் துடைக்கிறவன். ரெண்டில் எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு விடவில்லை விதி. பம்பர் கணக்கைத் தீர்க்க வேண்டுமே என்று தட்டையான கார் கூரைகளில் மட்டும் அந்த மிஷினை ஓட்டினேன். கொஞ்ச நாளிலேயே புகை வந்தது. வாரண்டி மறுத்துவிட்டார்கள் என்பதால் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். பம்ப்செட்டும் மோட்டாரும் செய்து பிழைக்கிற ஊர் எங்கள் ஊர், தெருவுக்கு ஒரு வைண்டிங் கடை இருக்கும். அங்கிருந்த பெரியவர் கம்பியை பிளேடால் சுரண்டி, வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே வெள்ளை. "காப்பர் இல்லீங் தம்பி, அலுமினியம். மேலாப்புல பூச்சு." அலுமினியம் செம்பைவிட மட்டமாகத்தான் கரண்ட் கடத்தும், செம்பில் நூறு பங்கு என்றால் இதில் அறுபது சொச்சம். அலுமினியம் போட்டதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன், தக்கபடி தடித்த கம்பி போட்டு, இது அலுமினியம் என்று எழுதி விற்றிருந்தால் என் வாய் அடைபட்டிருக்கும். மெல்லிய கம்பியைப் போட்டு, சூடேறி எரியவிட்டு, பெட்டியில் 'செம்பு' என்று எழுதினீர்கள். பெரியவர் காசு வாங்கவில்லை. சுற்றித் தரவும் மாட்டேன் என்றுவிட்டார், கூலியே மிஷின் விலையில் பாதி வரும் என்று.

விற்றவனுக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டேன். பெட்டியில் அச்சடித்த விலாசத்துக்குத்தான். அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி வந்தது. இறக்குமதியாளர் பேர், முழு விலாசம், எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச விலை எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று சட்ட முறை எடையளவு விதிகள் சொல்கின்றன. உங்கள் பெட்டியில் உருப்படியாக இருந்தது விலை மட்டும்தான்: 9,999, அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு. நாங்கள் வெறும் மேடை, விற்பவர் வேறு என்று கைகழுவியது விற்பனைத் தளம். கமிஷன் வாங்கும்போது மட்டும் மேடைக்குக் கை முளைக்கிறது. படத்தோடு ஒரு ஸ்டார் விமர்சனம் எழுதினேன், ஏறவில்லை. ஏறியிருந்த விமர்சனங்களை அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். பாதிக்குமேல் ஏதோ டார்ச் லைட்டைப் பற்றியது. 'வெளிச்சம் நல்லா இருக்கு, பேட்டரி நிக்குது' என்று பஃபிங் மிஷினுக்கு ஐந்து ஸ்டார்! இணைய விமர்சனங்களை ஒழுங்குபடுத்த 2022-ல் ஐ.எஸ். 19000 என்று ஒரு தரம் வந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்று கொண்டுவந்தார்கள். யார் விரும்புவான்?

கமர்ஷியல் யூஸ் என்று சொல்லி என்னைத் துரத்தினீர்கள் அல்லவா, அதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2, உட்பிரிவு 7. வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சொல்லிவிட்டு, உடனே ஒரு விளக்கம் தருகிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. தையல் மிஷின் வாங்குகிற அக்காவும் பஃபிங் மிஷின் வாங்குகிற நானும் அந்த விளக்கத்துக்குள் வருகிறோம். இதைச் சொன்னது ஒரு வக்கீலின் குமாஸ்தா, டீக்கடையில். அவர் சொன்ன இன்னொன்று: விற்றவன் எந்த ஊரில் இருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்த்துத் தர வேண்டும். எனக்கு வந்தது 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்ற குறுஞ்செய்தி.

சட்டம் இருக்கிறது, சரி. மனு எழுத ஒரு நாள் கூலி போகும், வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். 2,899 ரூபாய்க்கு இவன் அலைய மாட்டான் என்ற கணக்கு உங்களுக்கு உண்டு. லட்ச ரூபாய்ப் பொருளில் இப்படி அச்சடிக்க உங்களுக்குத் தைரியம் வராது, அதை வாங்குகிறவரிடம் வக்கீல் இருப்பார். முதல் மிஷின் வாங்குகிறவன் என்றால் தெரியாதவன், இல்லாதவன், திரும்பி வராதவன் என்று குறி வைத்துத்தான் அடிக்கிறீர்கள்.

நான் திரும்பி வந்துவிட்டேன். மிஷினின் 2,899, பம்பரின் 4,500, போன வேலைக்கு நஷ்டஈடு என்று மனு கொடுத்திருக்கிறேன். எரிந்த காயில், திரும்பி வந்த தபால், டாக்கோமீட்டரில் எடுத்த படம், அந்த 6 ஆம்பியர் பிளக் எல்லாம் சேர்த்துத்தான். நான் கேட்பது ஒன்றும் பெரிதில்லை. பாரம் இல்லாமல் எவ்வளவு, பாரத்தில் எவ்வளவு என்று உண்மையான குறைந்த வேகத்தைப் பெட்டியில் போடுங்கள். 2,400 என்று போட்டிருந்தால் அந்த மிஷினை நான் தொட்டே இருக்க மாட்டேன்.

முதல் மிஷின் வாங்கப் போகிற தம்பிகளே, கடைக்குப் போய் ஓட்டிப் பார்த்து வாங்க வழி இருந்தால் அப்படியே செய்யுங்கள். ஒன்றாம் எண்ணில் வைத்து ஓட்டுங்கள், எகிறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். தபாலில்தான் வாங்க முடியும் என்றால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், முதலில் பிளக்கைப் பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு பழைய கதவுத் தகட்டில் ஓட்டிவிடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடுங்கள்.