எண் கற்ற குதிரை

ஜெர்மனி நாட்டின் தலைநகராகிய பெர்லினில், நகரின் வடபகுதியில் இருந்த ஒரு வீட்டு முற்றத்தில், 1904-ஆம் ஆண்டு கோடைக் காலத்தில் மக்கள் திரள் திரளாகக் கூடினர். அவர்கள் காண வந்தது ஒரு குதிரையை. ஹான்ஸ் என்பது அதன் பெயர். 'இரண்டும் மூன்றும் எத்தனை?' என்று கேட்டால், அது வலது முன்னங்காலை ஐந்து முறை தரையில் தட்டிவிட்டு நிற்கும். பின்னக் கணக்குக் கொடுத்தால், தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே தட்டிக் காட்டும். 'திங்களின் எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமையானால், அடுத்து வரும் வெள்ளிக்கிழமை எத்தனையாம் நாள்?' என்று கேட்டாலும் கலங்காது. பதினொரு முறை தட்டும். எழுத்துகளுக்கு எண் குறித்த பலகையொன்றின் துணையால் பெயர்களைக்கூட எழுத்துக் கூட்டிச் சொல்லும். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தலையை அசைத்தே விடை கூறும்.

குதிரையை வளர்த்தவர் வில்ஹெல்ம் வான் ஓஸ்டன் என்னும் முதியவர். ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். விலங்குகள் அறிவிற் குறைந்தவை அல்ல, அவற்றுக்குப் பள்ளிக்கூடம் இல்லாமையே குறை என்பது அவர் கொண்டிருந்த நம்பிக்கை. ஆகவே ஹான்ஸைப் பள்ளிச் சிறுவனாகவே பாவித்து, கரும்பலகை, மணிச்சட்டம், மரக்கட்டைகள் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் சலியாமல் பாடம் சொன்னார். சரியான விடைக்குக் காரட் கிழங்கோ, ரொட்டித் துண்டோ, சர்க்கரைக் கட்டியோ பரிசாகக் கிடைக்கும். கூடி வந்தவரிடம் அவர் ஒரு காசும் பெற்றதில்லை. இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அவரைப் பற்றிப் பேசப்பட்டவற்றை எடைபோட இது உதவும்.

ஊர் இரண்டு பட்டது. 'இதோ, சிந்திக்கும் விலங்கு!' என்று வியந்தோர் ஒரு பக்கம்; 'கிழவர் ஏதோ கண்கட்டு வித்தை செய்கிறார்' என்று நகைத்தோர் மறு பக்கம். கடல் கடந்து நியூயார்க்கு நகரத்துச் செய்தித்தாளும் ஹான்ஸின் புகழை எழுதியது. பூசல் முற்றியபோது, உண்மை காணப் பதின்மூவர் கொண்ட குழு ஒன்று அமைந்தது. பெர்லின் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் அதன் தலைவர். விலங்குக் காட்சிசாலைத் தலைவர், கால்நடை மருத்துவர், குதிரைப்படை அதிகாரி, பள்ளி ஆசிரியர், சர்க்கஸ் நடத்துபவர் எனப் பல துறையினரும் அதில் இருந்தனர். சர்க்கஸ்காரரைச் சேர்த்தது நல்ல யோசனையே. குதிரையைக் கொண்டு செய்யக்கூடிய தந்திரம் எதுவும் அவர் அறியாததாய் இராது அல்லவா?

செப்டம்பர்த் திங்களில் குழுவினர் தம் முடிவை வெளியிட்டனர். வழக்கமான தந்திரமோ, வேண்டுமென்றே செய்யும் சைகையோ எதுவும் இதில் இல்லை என்பதே அம்முடிவு. உரிமையாளர் இல்லாத வேளையிலும், அயலார் வினவினாலும், குதிரை பல முறை சரியாகவே விடை தந்தது. ஏமாற்று இல்லை என்று குழு சொன்னதை, குதிரைக்குக் கணக்குத் தெரியும் என்று சொன்னதாகவே ஊரார் எடுத்துக்கொண்டனர். இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் பொய் சொல்லவில்லை என்பதனாலேயே அவர் சொல்வது மெய்யாகிவிடாது; மெய்யென நம்பித் தவறு சொல்வோர் உலகில் மிகப் பலர். குழுவினர் மேலும் குற்றம் உண்டு. 'கிழவர் ஏமாற்றுகிறாரா?' என்று கேட்ட அளவுக்கு, 'குதிரை எதனைக் காண்கிறது?' என்று அவர்கள் கேட்கவில்லை.

அந்த இரண்டாம் வினாவைக் கேட்டவர் ஆஸ்கார் புங்ஸ்ட் என்னும் இளைஞர், ஸ்டும்பின் உதவியாளர். அவர் செய்த சோதனைகள் மிக எளியவை. கருவி எதுவும் வேண்டாது, சிந்தனை ஒன்றே போதிய சோதனைகள். முற்றத்தில் கூடாரம் ஒன்று அடிக்கச் செய்து, வேடிக்கை பார்ப்போரை விலக்கினார். எண் எழுதிய அட்டைகளை எடுத்துக்கொண்டு, சில முறை வினவுபவரே அட்டையைப் பார்த்துவிட்டுக் காட்டவும், சில முறை தாம் பாராமலே குதிரைக்கு மட்டும் காட்டவும் ஏற்பாடு செய்தார். வினவுபவருக்கு எண் தெரிந்தபோது, பத்தில் ஒன்பதுக்குக் குறையாமல் விடை சரியாக வந்தது. அவருக்குத் தெரியாதபோது, பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

மற்றொரு சோதனை இன்னும் நுட்பமானது. வான் ஓஸ்டன் குதிரையின் காதில் ஓர் எண்ணை மெல்லச் சொன்னார். புங்ஸ்ட் வேறோர் எண்ணைச் சொன்னார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் கூட்டிச் சொல்லல் வேண்டும். கூட்டுத்தொகையை அறிய வல்லது அந்த முற்றத்தில் ஹான்ஸ் ஒன்றே. ஹான்ஸ் தவறியது. அதே கணக்கை யாவரும் கேட்க உரக்கச் சொன்னவுடன் சரியாகத் தட்டியது! பின்னர்க் குதிரையின் கண்களுக்கு இரு மருங்கிலும் அகன்ற தோல் மறைப்பைக் கட்டி, வினவுபவர் அதன் பார்வைக்கு அப்பால் நின்றார். அப்போதும் விடை பிழைத்தது. குதிரையோ கழுத்தை வளைத்து, உடலை முறுக்கி, எப்படியாவது அவரைக் கண்ணுக்குள் கொண்டுவர அரும்பாடு பட்டது. சாந்தமான குதிரையும் அன்று அது. புங்ஸ்ட் அதனிடம் கடிபட்டதும் உண்டு.

இனி வினவுபவரை நோக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று. புங்ஸ்ட் குதிரையை விட்டுவிட்டு மனிதரை உற்றுப் பார்த்தார். வினவி முடித்தவர், தட்டும் காலைக் காணும் பொருட்டுத் தம்மை அறியாமலே தலையைச் சற்று முன்னே சாய்ப்பார். அதுவே குதிரைக்குத் தொடங்குக என்னும் குறி. தட்டல் ஒவ்வொன்றாக ஏற ஏற அவர் மனம் இறுகும். எதிர்பார்த்த எண் வந்ததும் இறுக்கம் தளர்ந்து, தலை மிகச் சிறிதே மேலெழும். எவ்வளவு சிறிது? ஒரு மில்லிமீட்டர் அளவு. பலரிடத்தில் அதனினும் குறைவு. பதின்மூன்று அறிஞர் கூர்ந்து நோக்கியும் காணாத அந்த அசைவைக் குதிரை கண்டது. கண்டவுடன் காலை நிறுத்தியது. கூட்டலும் பின்னமும் கிழமைக் கணக்கும் எல்லாம் அதற்கு ஒன்றே: தட்டத் தொடங்கு, தலை எழுந்தால் நிறுத்து.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பலரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நிறுத்திவிடுகின்றனர். மூடக் குதிரை, ஏமாற்றுக் கிழவர், ஏமாந்த ஊரார் என்பதே அவர்கள் கூறும் கதை. அது முழுப் பிழை. காசு பெறாமல், தம் குதிரையை எவர் வேண்டுமானாலும் சோதிக்க விட்ட ஒருவரை ஏமாற்றுக்காரர் என்பது எவ்வாறு பொருந்தும்? அவரும் தம் தலை அசைந்ததை அறியார். அவரே முதலில் ஏமாந்தவர். புங்ஸ்டின் முடிவை அவர் இறுதிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. குதிரையைத் தொடர்ந்து காட்டியே வந்தார், கூட்டமும் குறையவில்லை. 1909-இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டு உழைப்பின் பயன் தாம் நினைத்தது அன்று என்பதை ஒப்புவது எளிதன்று. ஆயினும் ஒப்பியிருந்தால், விலங்கின் பார்வைக் கூர்மையை உலகுக்குக் காட்டியவர் என்னும் பெயர் அவருக்கே உரியதாகியிருக்கும்.

குதிரையைப் பேதை என்பது அதனினும் பெரிய பிழை. மனிதனுக்கே தெரியாத மனிதனின் அசைவைப் படித்த விலங்கு அது. கணக்கு அதற்கு வாராது என்பது மெய். கணக்கைப் பற்றியே எண்ணிக் கொண்டிருந்தமையால், அது உண்மையில் பெற்றிருந்த திறமை எவர் கண்ணிலும் படவில்லை. பள்ளிகளிலும் இத்தகைய ஹான்ஸ்கள் உண்டு. 'ஏழெட்டு எத்தனை?' என்ற ஆசிரியரின் வினாவுக்கு, 'ஐம்பத்து...' என்று இழுத்துக்கொண்டே அவர் புருவத்தைப் பார்த்து, 'ஆறு' என்று முடிக்கும் சிறுவனைக் காணாத வகுப்பறை உண்டோ? அவன் மூடன் அல்லன். அவன் படித்திருப்பது வேறு பாடம். ஆனால் வாய்பாடு அவனுக்குத் தெரியும் என்று மதிப்பெண் இடுவது அவனுக்கே தீங்கு.

வகுப்பறையிலேனும் தீங்கு சிறிது. நீதிமன்றம்வரை செல்லக்கூடிய இடங்களும் உள. போதைப்பொருளையும் வெடிமருந்தையும் மோந்து கண்டறியும் நாய்களைக் கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனை ஒன்று 2011-இல் வெளியாயிற்று. நாயும் பயிற்றுநருமாகப் பதினெட்டு இணைகள் அதில் கலந்துகொண்டன. தேடிய அறைகளில் அத்தகைய பொருள் எதுவும் வைக்கப்படவில்லை. ஆனால், சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும் என்று பயிற்றுநரிடம் சொல்லப்பட்டிருந்தது. நடந்த 144 தேடல்களில், எதுவும் இல்லை என்று சரியாக முடிந்தவை 21 மட்டுமே. மற்றவற்றில் எல்லாம் நாய் பொருளைக் கண்டுவிட்டதாகப் பயிற்றுநர் அறிவித்தனர். பயிற்றுநரின் மெய்ப்பாட்டை நாய் படித்ததோ, நாய் கண்டதாகப் பயிற்றுநரே எண்ணிக்கொண்டாரோ, எதுவாயினும் ஆகுக. வெற்று அறையில் குற்றத்திற்குச் சான்று பிறந்துவிட்டது. அறையின் இடத்தில் ஒரு வழிப்போக்கனின் மூட்டை இருந்திருக்குமாயின் அவன் கதி என்ன?

உயிருள்ள விலங்குக்கே இந்த வழக்கம் உரியது, பொறிக்கு மனிதன் முகத்தைப் பார்க்கத் தெரியாது என்று எண்ணுவாரும் உளர். பெர்லின் நகரத்து ஆராய்ச்சியாளர் உட்பட்ட ஒரு குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தையும் கலைத்தது. படங்களைப் பார்த்து, இது கார், இது குதிரை என்று பிரித்துச் சொல்லக் கற்பிக்கப்பட்ட கணிப்பொறி நிரல் ஒன்றை அவர்கள் சோதித்தனர். குதிரைப் படங்களை அது நன்றாகவே கண்டுகொண்டது. எதைப் பார்த்துக் கண்டுகொள்கிறது என்று ஆராய்ந்தபோது, அது காதையும் கழுத்தையும் பாராமல் படத்தின் கீழ் மூலையைப் பார்த்தது தெரிந்தது. கற்பிக்கப் பயன்பட்ட குதிரைப் படங்கள் பலவற்றில், படம் எங்கிருந்து பெறப்பட்டது என்னும் சிறு குறிப்பு அம்மூலையில் அச்சாகியிருந்தது. அக்குறிப்பைக் கார் படத்தில் ஒட்டியதும், காரையும் குதிரை என்றே அந்நிரல் சொல்லிற்று! ஹான்ஸ் கணக்கைப் பாராமல் கணக்குக் கேட்டவரைப் பார்த்தது. இப்பொறி குதிரையைப் பாராமல் குதிரைக்குக் கீழே எழுதியதைப் பார்த்தது. ஹான்ஸின் பெயரையே இத்தகைய பிழைக்கு அந்த ஆராய்ச்சியாளர் இட்டது பொருத்தமே.

ஆகவே, விந்தையாக ஏதேனும் ஒன்று காட்டப்படும்போது, அதனைக் காட்டுபவர் நல்லவரா என்று ஆராய்வதில் பெரும்பயன் இல்லை. வான் ஓஸ்டன் நல்லவரே. விடை அறிந்தவரை அவ்விடத்திலிருந்து அகற்றிவிட்டு மீண்டும் கேட்பதே சோதனை. புதிய மருந்தைச் சோதிக்கும் மருத்துவர், எந்த நோயாளிக்கு மெய்ம்மருந்து, எவருக்கு வெறும் மாத்திரை என்பதைத் தாமும் அறியாதவாறு ஏற்பாடு செய்துகொள்வது இதன்பொருட்டே. மோப்ப நாய்க்கும், படம் பிரிக்கும் பொறிக்கும், வாய்பாடு சொல்லும் சிறுவனுக்கும் இந்த முறையே வேண்டும். 'நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ள மாட்டேன்' என்று வினவுபவர் உறுதி கூறுவது போதாது. புங்ஸ்ட் அதனையும் சோதித்துப் பார்த்தார்.

அவர் தம் ஆய்வுக்கூடத்தில் தாமே குதிரையாக அமர்ந்தார். எதிரே நின்றவர் ஓர் எண்ணை மனத்தில் நினைப்பார். புங்ஸ்ட் கையால் தட்டிக்கொண்டே வந்து, எதிரே நிற்பவரின் தலை அசைந்ததும் நிறுத்துவார். அவ்வாறு இருபத்தைந்து பேரைச் சோதித்ததில், அசைவால் தம் எண்ணைக் காட்டிக்கொடுக்காதவர் இருவரே. எஞ்சியோருள், தம் தலை அசைந்ததைத் தாமே அறிந்தவர் அரியர். பின்னர் அவர் மீண்டும் ஹான்ஸின் முன் நின்று, எல்லா இரகசியமும் அறிந்தவராய், தலையை அசைப்பதில்லை என்ற உறுதியோடு வினவினார். எண் வந்ததும் அவர் தலை அசைந்தது, குதிரை நின்றது.