வாசலுக்கு என்ன நிறம்?

பெயின்ட் அடிப்பதென்று முடிவானால் ஹாலுக்கு நிறம் பார்க்கக் குடும்பமே கூடிவிடும். வாசலின் முறை வருவதற்குள் எல்லோரும் களைத்திருப்பார்கள். டப்பாவில் மிஞ்சியதை அங்கே பூசிவிட்டுப் பெயின்டர் கிளம்புவார். வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவதோ அந்தச் சுவர்தான்.

மும்பை, டெல்லி அடுக்குமாடி வீடுகளில் கதவைத் திறந்ததும் வரும் நடையில் பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. இருட்டைப் போக்க வெள்ளை அடிக்கிறார்கள். வெளிச்சம் விழாத இடத்தில் வெள்ளை சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். சந்தன நிறமோ இளமஞ்சளோ அங்கே தேவலை. ஷேட் கார்டில் விரலகலம் இருக்கும் நிறம் சுவர் முழுக்கப் பரவினால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சின்ன டப்பா ஒன்று வாங்கி, பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலையில் ஒருமுறையும் இரவில் விளக்கைப் போட்டு ஒருமுறையும் பார்ப்பது நல்லது. குழந்தைகளின் கை, சைக்கிள் ஹேண்டில் எல்லாம் உரசும் இடம் அது. எனவே டிஸ்டெம்பர் வேண்டாம். துடைத்துக் கழுவக்கூடிய எமல்ஷன் போதும்.

யோசிக்க வேண்டியது வாசற்படியைப் பற்றித்தான். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த இடத்தில் இப்போது பல வீடுகளில் மஞ்சள் எனாமலும் சிவப்புப் பொட்டும். வாராவாரம் பூசும் வேலை மிச்சம். ஆனால் அந்தப் பளிச் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் எனாமல் பெயின்டுகளில் நெடுங்காலம் ஈயம் கலந்த நிறமிகள்தான் சேர்க்கப்பட்டன. 2016இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. புது டப்பாவுக்கு விதி சரி. படியில் ஏற்கெனவே படிந்திருக்கும் நாலைந்து பழைய கோட்டுகளை அது என்ன செய்யும்?

புதுப் பெயின்டுக்கு முன் பெயின்டர் உப்புத்தாளால் பரபரவென்று தேய்க்கிறார். பறக்கும் தூள் தரையில் படிகிறது. தவழும் குழந்தை அதே தரையில் கை வைத்து வாயில் போட்டுக்கொள்கிறது. ஈயம் பாதிப்பது மூளை வளர்ச்சியை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல எந்த அளவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பழைய பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் சுரண்டாமல் அதன்மேலேயே அடிக்கலாம். உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்க்கச் சொல்ல வேண்டும். நெருப்பு காட்டி உரிப்பது கூடவே கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். லேபிள் இல்லாத மலிவு டப்பாவைப் படிக்கு மட்டுமல்ல, எதற்குமே வாங்கக் கூடாது.

பெயின்டர் முகம் சுளிக்கத்தான் செய்வார். ஈரத்தில் தேய்த்தால் காய்வதற்கு ஒரு நாள் கூடுதலாகும். கூலியும் கொஞ்சம் கூடும்.