'கிளியர்' என்றால் என்ன?



நம் கடைவீதியில் 'கிளியர்' என்ற ஆங்கிலச் சொல் படும் பாடு கொஞ்சமல்ல. செக் கிளியர் என்றால் பணம் கணக்கில் ஏறிவிட்டது. ஸ்டாக் கிளியர் என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. ரயில்வேயில் லைன் கிளியர் என்றால் வண்டி புறப்படலாம். கல்லூரிப் பையன் அரியர்ஸ் கிளியர் என்றால் விட்ட பாடத்தில் தேறிவிட்டான். அச்சொல்லின் நேர்ப்பொருளோ தெளிவு!

ஒரு வாடிக்கையாளர், "வெள்ளிக்கிழமைக்குள் கிளியர் பண்ணிடறேன் அண்ணாச்சி" என்றார். பாக்கியைத்தான் சொல்கிறார் என்று மகிழ்ந்து, மேலும் பத்து மூட்டை பருப்பு ஏற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை வசூலுக்கு ஆள் போனால், "நான் சரக்கைச் சொன்னேன். அது கிளியர். பணம் அடுத்த மாதம்" என்கிறார். தெளிவாகக் கேட்டுக்கொள்ளாதது என் தவறு.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு வழக்குப் போட, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே அவகாசம். அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் எழுத்தில் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மேலும் 3 ஆண்டு கிடைக்கும். வாயால் சொன்ன 'கிளியர்' அதற்கு உதவாது.

எனவே தொகையையும் தேதியையும் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவோம். கணக்கு தெளிவாக இருந்தால் நட்பும் நிலைக்கும்.