மைலேஜ் எங்கே போயிற்று? குட்டி யானைக்குக் கணக்குப் போடுவோம்!

"என்னங்க, நேற்றுத்தானே 400 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டீங்க? இன்றைக்கும் 400 ரூபாயா?"

மனைவி கேட்கிறார். கணவர் தலையைச் சொறிகிறார்.

"முன்னே மாதிரி வண்டி மைலேஜ் கொடுக்கலை" என்கிறார்.

முன்னே எவ்வளவு கொடுத்தது? இப்போது எவ்வளவு கொடுக்கிறது? அதைக் கேட்டால் பதில் இல்லை. வண்டி ஓடியது; பெட்ரோல் தீர்ந்தது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்!

சரக்கு வண்டி வைத்துப் பிழைக்கும் எத்தனையோ வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. டாடா ஏஸ் என்ற சின்ன சரக்கு வண்டி 2005-ல் சந்தைக்கு வந்தது. முக்கால் டன் சுமக்கும் வண்டி. மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. காய்கறி மூட்டை, தண்ணீர் கேன், சிமெண்டு, கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் போகின்றன. பலருக்கு டிரைவரும் அவரே, முதலாளியும் அவரே. மாதம் பிறந்தால் வண்டிக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். பெட்ரோல் செலவு போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு.

2025-ல் கிளம்பிய சண்டை

அந்தச் செலவைப் பற்றி 2025-ம் ஆண்டில் நாடு முழுவதும் பெரிய வாக்குவாதம் எழுந்தது. காரணம், எத்தனால்.

கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஒருவகைச் சாராயம்தான் எத்தனால். அதைப் பெட்ரோலுடன் கலந்து விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெய் குறையும், விவசாயிக்கும் வருமானம் வரும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. 2014-ல் 100 லிட்டர் பெட்ரோலில் ஒன்றரை லிட்டர் எத்தனால் இருந்தது. 2025-ல் அது 20 லிட்டராக உயர்ந்தது.

"மைலேஜ் குறைந்துவிட்டது" என்று வண்டிக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். "குறைவு மிகச் சொற்பம்" என்றது பெட்ரோலிய அமைச்சகம். ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். 2025 செப்டம்பர் 1-ந் தேதி அந்த மனு தள்ளுபடி ஆயிற்று.

யார் சொல்வது சரி?

எத்தனாலில் சூடு குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோல் கொடுக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஒரு லிட்டர் எத்தனால் கொடுக்கும். கருவேல விறகுக்கும் முருங்கை விறகுக்கும் உள்ள வித்தியாசம் அடுப்படியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதுபோலத்தான் இதுவும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அதில் மூன்றில் ஒரு பங்கு சக்தி நஷ்டம். பெருக்கிப் பார்த்தால் நூற்றுக்கு 6 அல்லது 7 வருகிறது.

அரசாங்கத்தின் நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் பழைய நாலு சக்கர வண்டிகளுக்கு இதே 6, 7 சதவீதத்தைத்தான் சொன்னது. புதுக் கலவைக்கு ஏற்ப என்ஜினைச் சரி செய்து விற்கும் வண்டிகளுக்கு 1 முதல் 2 சதவீதம்தான் குறையும் என்றும் சொன்னது. ஆக, மைலேஜ் குறைவது உண்மை. பாதியாகக் குறைந்தது என்று சொன்னால் அது பெட்ரோலின் குற்றம் அல்ல. வேறு எங்கோ கோளாறு.

சரி, 6 சதவீதம் என்றால் வீட்டுக்கு எவ்வளவு?

வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் ஓட்டம். மொத்தம் 1,500 கிலோமீட்டர். அதற்கு 100 லிட்டர் வேண்டும். 2025-ல் சென்னையில் பெட்ரோல் விலை 100 ரூபாய்க்குச் சற்று மேலே இருந்தது. 100 ரூபாய் என்றே போடுவோம். மாதம் 10,000 ரூபாய்! மைலேஜ் 6 சதவீதம் குறைந்தால் இன்னும் 640 ரூபாய் சேரும். பணக்காரருக்கு 640 ரூபாய் சொற்பம். தவணை கட்டுகிறவருக்கு?

டீசல் வண்டிக்காரர்களுக்கு இந்தச் சண்டை இல்லை. ஆனால் இனி வரும் கணக்கு அவர்களுக்கும் வேண்டும்.

கம்பெனி சொல்லும் மைலேஜ்

"கம்பெனிக்காரன் 20 என்றான், எனக்கு 14-தான் வருகிறது" என்று பலர் ஏமாற்றப்பட்டதுபோல் பேசுவார்கள். கம்பெனி சொல்வது சோதனைக்கூடத்து எண். புனேயில் ஒரு பெரிய சோதனைக்கூடம் இருக்கிறது. நம் ஒரகடத்திலும் இருக்கிறது. அங்கே வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, சக்கரம் மட்டும் சுழல, விதித்த வேகத்தில் ஓட்டி அளக்கிறார்கள். பள்ளம் கிடையாது. கத்திப்பாரா நெரிசல் கிடையாது. எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை என்பதால், இந்த வண்டி நல்லதா, அந்த வண்டி நல்லதா என்று ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் வண்டி உங்கள் தெருவில் என்ன கொடுக்கும் என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

அளப்பது எப்படி?

டேங்க் நிறையப் பெட்ரோல் போடுங்கள். பம்பு தானாக "டக்" என்று நிற்கும். அதோடு நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் போடு தம்பி" என்று சொல்லக்கூடாது. மீட்டரில் உள்ள கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

நாலைந்து நாள் வழக்கம்போல் ஓட்டுங்கள். பிறகு அதே பங்க், அதே பம்பு. மறுபடியும் "டக்" என்று நிற்கும் வரை போடுங்கள். இப்போது எத்தனை லிட்டர் ஏறியதோ, அத்தனை லிட்டர்தான் நீங்கள் ஓட்டியதற்குச் செலவு. ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுங்கள். 372 கிலோமீட்டர் ஓடி 24 லிட்டர் ஏறினால் லிட்டருக்கு 15½.

ஒரு தடவை அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு தடவை அரை லிட்டர் கூடவோ குறையவோ ஏறும். நாலு தடவை அளந்து, மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுத்தால் உண்மை தெரியும்.

"டேங்க் நிறையப் போடக் கையில் காசு ஏது? வாடகை வந்தால் 200, 300-க்குப் போடுகிறேன்" என்பவர்கள்தான் அதிகம். அவர்களுக்கும் வழி உண்டு. ரிசர்வ் விளக்கு எரியும் நேரத்தில் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு போடுவதையெல்லாம் லிட்டரில் எழுதி வாருங்கள். ரூபாயில் எழுதினால் விலை மாறும்போது கணக்குக் குழம்பும். ஒரு மாதம் கழித்து, அதே விளக்கு எரியும்போது கூட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பிழை இருக்கலாம். 5 லிட்டர் கணக்கில் ஒரு லிட்டர் பிழை என்றால் கணக்கே பாழ். 100 லிட்டர் கணக்கில் அது நூற்றில் ஒன்று.

கிலோமீட்டர் காட்டும் மீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். டயர் அளவை மாற்றியிருந்தால் அது தப்பாகக் காட்டும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து 10 கல் ஓட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவு எங்கே ஒழுகுகிறது?

முதலில் டயர். காற்றுக் குறைந்த டயர் ஒட்டிக்கொண்டு உருளும். காற்றைக் காலையில், டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். எவ்வளவு காற்று என்பதைக் கம்பெனி வண்டியோடு கொடுத்த புத்தகத்திலேயே எழுதியிருக்கும். லோடுக்கு ஓர் அளவு, காலிக்கு ஓர் அளவு. பஞ்சர் கடைக்காரர் தோராயமாக அடிப்பதோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வேகம். வண்டி காற்றைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. 60-ல் போவதை 80 ஆக்கினால் காற்றின் தடை ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். பெட்ரோலியச் சிக்கனத்துக்காக 1978-ல் அரசு அமைத்த சங்கம், கார்களை 80-க்குப் பதில் 45 முதல் 55 வேகத்தில் ஓட்டினால் 40 சதவீதம் வரை கூடுதல் மைலேஜ் கிடைக்கும் என்று சொல்லி வருகிறது. தூக்கிக் கட்டிய சரக்கும், படபடவென்று அடிக்கும் தார்ப்பாயும் உள்ள வண்டிக்குக் காற்றின் தடை இன்னும் அதிகம். தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஐந்து நிமிஷம் போதும்.

லோடு இறங்கும்வரை என்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கும் பழக்கமும் உண்டு. சிறிய என்ஜின்கூட நின்ற இடத்தில் மணிக்கு அரை லிட்டர் போலக் குடித்துவிடும்.

ஏர் பில்டரை ஊதினால் மைலேஜ் பறக்கும் என்று சொல்லும் மெக்கானிக் இன்னும் இருக்கிறார். அது கார்புரேட்டர் காலத்து அறிவுரை. இப்போதைய என்ஜின், வரும் காற்றை அளந்து அதற்குத் தக்கபடிதான் பெட்ரோல் விடுகிறது. பில்டர் அடைத்தால் இழுவை குறையும். அதற்காக மாற்றத்தான் வேண்டும். ஆனால் மைலேஜ் திருடனைத் தேடுகிறவர், முதலில் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்கட்டும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

நியூட்ரல் வேண்டாம்!

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நினைக்கிறார்கள். மிச்சமே இல்லை! இப்போதைய வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே என்ஜினைச் சுற்றுகிறது. அப்போது பெட்ரோல் வருவது நின்றுவிடும். நியூட்ரலில் தள்ளினாலோ, என்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பிரேக்கில் இருக்கிறது. நியூட்ரலில் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழும். முக்கால் டன் சரக்கோடு வளைவுக்கு வளைவு மிதித்தால் பிரேக் சூடேறி, பிடிக்காமலே போய்விடும். வண்டியில் டிரைவர் மட்டுமா இருக்கிறார்? லோடு ஏற்ற வந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

காந்தமும் மாத்திரையும்

பெட்ரோல் குழாயில் காந்தம் கட்டு, டேங்கில் மாத்திரை போடு, மைலேஜ் ஏறும் என்று விற்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு இப்படிப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்தது. குறிப்பிட்டுச் சொல்லும்படி மைலேஜை உயர்த்தியது ஒன்றும் இல்லை. நமக்கு அமெரிக்கா எதற்கு? 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து மூலிகைப் பெட்ரோல் புறப்பட்டபோது நாடே வாயைப் பிளந்தது. 2016-ல் அந்த வழக்கில் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

நோட்டுக் கணக்கு உள்ளவரிடம் காந்தம் விற்க முடியாது. நாலு டேங்க் காந்தம் இல்லாமல், நாலு டேங்க் காந்தத்தோடு. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன் என்பார். விற்க வந்தவர் அடுத்த ஸ்டாண்டுக்குப் போய்விடுவார்!

ஓவர்லோடு ஏற்றினால் ஒரு மூட்டைக்கு ஆகும் பெட்ரோல் குறைவதுபோல் தோன்றும். அது உண்மையும்கூட. ஆனால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பிடிபட்டால் அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இன்னும் 2,000. டயரும் அச்சும் பிரேக்கும் தேய்வது தனி.

வாடகை பேசும்போது

நோட்டின் பெரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. "40 கிலோமீட்டர்தானே அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கடைக்காரர் பேரம் பேசுகிறார். டிரைவரும் 40 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 267 ரூபாய் என்று மனசுக்குள் போட்டு, தலையை ஆட்டிவிடுகிறார். வண்டி காலியாகத் திரும்ப வேண்டுமே! போக வர 80 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்றால் 5 லிட்டர் 330 மில்லி. 533 ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடும். மைலேஜ் 14-ஆக இறங்கியிருந்தால் 571.

திரும்பும்போது பாதி வாடகைக்காவது ஒரு லோடு கிடைத்தால், மேலே சொன்ன எல்லாச் சிக்கனத்தையும்விட அது பெரிய லாபம். கிடைக்காத நாளில், கடைக்காரரிடம் நோட்டைப் பிரித்துக் காட்டி 80 கிலோமீட்டருக்கும் வாடகை கேட்கலாம்.